உவர் நிலத்துக்கு எந்த நெல், குலைநோய்க்கு என்ன வழி?

வணக்கம். வேதாரண்யம் பக்கம் எங்கள் வயலில் உப்பு ஏறிவிட்டது. திருச்சி 3 போடச் சொல்கிறார்கள், ஆனால் அது களர் மண்ணுக்கென (சோடியம் மிகுந்த கார மண்) வந்த ரகம். எங்களுடையது உவர் மண். தாங்குமா? உப்பைத் தாங்கும் பாரம்பரிய நெல்லான குழியடிச்சான் போட்டவர்கள் இருந்தால் சொல்லுங்கள், விதை எங்கே கிடைக்கும்?

கேரளத்துப் பொக்காளி நெல், சோடியம் இலைக்கு அதிகம் ஏறாமல் தடுத்துப் பொட்டாசியத்தைத் தக்கவைத்துக்கொள்ளும். மற்ற ரகங்கள் தவிக்கும். தவிக்கும் பயிரில் அப்சிசிக் அமிலம் என்ற பயிர் ஹார்மோன் கூடும். அது உப்பைத் தாங்க உதவினாலும் குலைநோயை (பூஞ்சையால் வரும் நோய்) எதிர்க்கும் பலத்தைக் குறைத்துவிடும். எனக்குப் பெரிய கவலை இதுதான்.

குலைநோயைத் தடுக்க, கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ் (நன்மை செய்யும் பாக்டீரியா) கலந்து விதைக்கலாம் என்றிருக்கிறேன். உவர் மண்ணில் அது பலன் தந்ததா? அப்புறம், யூரியா கூடினால் குலைநோயும் கூடும் என்பதால், அதை எவ்வளவு குறைத்தீர்கள்? நாற்று விடுவதற்குள் தெரிந்தால் பெரிய உதவி.