அபுல் ஃபசலா, பதாயூனியா? அக்பர் தர்பார்ல இருந்து வரலாறு எழுதின இந்த ரெண்டு பேர்ல, அக்பர் காலத்துக்கு யாரை நம்புறது?

நூலகப்புழு: "அபுல் ஃபசல் அக்பர்கிட்ட சம்பளம் வாங்கிட்டு எழுதினவர், அக்பர்நாமா வெறும் துதி, பதாயூனியை மட்டும் படிங்க"ன்னு கரிசல்பூனை போட்டிருந்தார். என்னால ஒத்துக்க முடியல. 1568ல ராஜஸ்தான் சித்தூர் கோட்டை அக்பர் படைகிட்ட விழுந்தப்புறம் 30,000 பேரைக் கொன்னாங்கன்னு எழுதி வச்சதே அபுல் ஃபசல்தான். துதி மட்டும்தான் நோக்கம்னா அதை ஏன் எழுதணும்?

கரிசல்பூனை: எழுதினார், ஆனா எப்படி எழுதினார் பாருங்க. முன்னாடி அலாவுதீன் கில்ஜி சித்தூரைப் பிடிச்சப்போ விவசாயிங்க சண்டைக்கு வரல, அதனால தப்பிச்சாங்க, இந்தத் தடவை சேர்ந்து சண்டை போட்டாங்க, அதனால வெட்டச் சொல்லி உத்தரவுன்னு ராஜாவுக்கு வக்காலத்து வாங்கிருக்கார். பதாயூனி 1576ல ராணா பிரதாப்போட நடந்த ஹல்திகாட்டி சண்டைக்கு அக்பர் படையோட போனவர். ரெண்டு பக்கமும் ராஜபுத்திரங்க, நம்மாளு யாரு எதிரி யாருன்னு எப்படித் தெரியும்னு முகலாயத் தளபதி ஆசஃப் கான்கிட்ட கேக்கிறார், நீ அம்பை விடு, எந்தப் பக்கம் விழுந்தாலும் இஸ்லாத்துக்கு லாபம்தான்னு பதில் வருது. அதை அப்படியே எழுதி வச்சிருக்கார். உயிரோட இருந்தவரை தான் எழுதின அந்த வரலாற்று புக்கை யார் கண்ணுலயும் காட்டல, அக்பர் மகன் ஜஹாங்கீர் காலத்துலதான் வெளிய வந்துச்சு.

நூலகப்புழு: ரகசியமா எழுதினா உண்மையாத்தான் இருக்கணுமா? ரெண்டு பேரும் அபுல் ஃபசலோட அப்பா ஷேக் முபாரக்கிட்ட படிச்சவங்க, 1574ல ஒரே வருஷம் தர்பாருக்குள்ள வந்தவங்க, அபுல் ஃபசல் மளமளன்னு மேல போயிட்டார், பதாயூனிக்கு 1000 பிகா நில மானியமும், அவருக்குப் பிடிக்கவே பிடிக்காத ராமாயணத்தைப் பாரசீகத்துல பெயர்க்கிற வேலையும். வயித்தெரிச்சல் இருக்காதா? 1592ல தக்காணத்துல இருந்து அபுல் ஃபசலோட அண்ணன் ஃபைஜி இவருக்காக அக்பருக்கு சிபாரிசு லெட்டர் எழுதினார். அந்த லெட்டரைத் தன் புக்லயே காப்பி பண்ணிப் போட்டுட்டு, செத்துப்போன ஃபைஜியை அசிங்கமா திட்டி வச்சிருக்கார் இந்த மனுஷன்.

வைகைக்கரை: துதி துதின்னு சொல்றவங்க அபுல் ஃபசலோட நிர்வாகக் குறிப்பு நூல் ஐன்-இ-அக்பரியைப் புரட்டிப் பாருங்க. யானைக்கு என்ன தீனி, கொத்தனாருக்கு என்ன கூலி, 19 வருஷத்துப் பயிர் வரி விகிதம் எல்லாம் அட்டவணையா இருக்கு. விவசாயி எவ்வளவு கட்டினான்னு தெரிய நமக்கு வேற வழி கிடையாது.

கரிசல்பூனை: கணக்குக்கு நானும் ஐன்கிட்டதான் போவேன். ஆனா 1579 மஹ்ஸர்? மார்க்கத் தகராறுல அக்பர் முடிவே இறுதின்னு உலமாக்கள், அதாவது இஸ்லாமிய மார்க்க அறிஞர்கள், எழுதிக் கொடுத்த பத்திரம். அபுல் ஃபசல் சாராம்சத்தோட நிறுத்திட்டார், பதாயூனி முழு வாசகத்தையும் போட்டு, சில பேர் மனசில்லாமத்தான் கையெழுத்து போட்டாங்கன்னும் சொல்றார். முபாரக் மட்டும் சந்தோஷமா போட்டாராம். அபுல் ஃபசல் தன் அப்பாவைப் பத்தி இதை எழுதுவாரா?