ஏற்காட்டுல எம்டிபி (மவுண்டன் பைக், மலைப்பாதை சைக்கிள்) ஓட்ட மண்பாதை எங்க இருக்கு? ஓட்டுனவங்க சொல்லுங்க

அஸ்தம்பட்டி_ரைடர்:

எல்லாருக்கும் வணக்கம். சேலத்துல இருக்கேன். ஒன்றரை வருஷமா ஞாயித்துக்கிழமை ஆனா விடியக்காலைல கிளம்பி அடிவாரத்துல இருந்து 20 பெண்டும் ஏறி ஏரி வரைக்கும் போய் டீ குடிச்சிட்டு அதே ரோட்டுல இறங்கி வர்றதுதான் வழக்கம். ஏத்தம் நல்லா பழகிடுச்சு. ஆனா லீவு நாள்ல கார் கூட்டம் தாங்கல, இறங்கறப்ப எதிர்ல வர்ற வண்டி பெண்டுல அகலமா எடுத்து வர்றப்ப ஒதுங்கறதுக்கே இடம் இல்ல.

இந்த தீபாவளிக்கு சேத்து வெச்ச காசுல ஒரு எம்டிபி வாங்கிட்டேன். 27.5 இஞ்ச் வீலு, முன்னாடி மட்டும் 100 மில்லிமீட்டர் சஸ்பென்ஷன், டயர் அகலம் 2.25 இஞ்ச். இதை வாங்கிட்டு தார் ரோட்டுலயே ஓட்டறதுக்கு மனசு வரல. மேல காப்பித் தோட்டத்துக்குள்ள மண்ரோடு நிறைய இருக்குனு கண்ணுல படுது, ஆனா எது எங்க போகுதுனு தெரியல. ஆப்ல தேடினா ஏற்காட்டுக்கு ட்ரெயில்னு ஒண்ணுமே உருப்படியா வரல. சேட்டிலைட்ல பாத்தா வெறும் மரத்தோட தலைதான் தெரியுது. போன வாரம் மேப்ல ஒரு புள்ளிக்கோடு இருந்துச்சு, அதை நம்பி உள்ள போனேன், அரை கிலோமீட்டர்ல கேட் போட்டிருந்தாங்க, வாட்ச்மேன் அய்யா சத்தம் போட்டு திருப்பி அனுப்பிட்டாரு.

எப்படித்தாங்க கண்டுபிடிக்கறது? யாராச்சும் போன வழியை ஜிபிஎஸ்ல பதிவு பண்ண ஒரு ட்ராக் ஃபைல் குடுத்தா கூட போதும்.

சேர்வராயன்_மண்ரோடு:

தம்பி, ஃபைல் தர மாட்டேன், காரணம் கடைசில சொல்றேன், கோச்சுக்காதீங்க.

நான் அந்த மலைல ஒம்பது வருஷமா ஓட்டறேன். மொதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கங்க, ஏற்காட்டுல சைக்கிளுக்குன்னு வெட்டின ட்ரெயில் எனக்குத் தெரிஞ்சு ஒண்ணும் கிடையாது. இருக்கறது எல்லாமே யாரோ தெனமும் நடக்கற பாதை. அதுல மூணு வகை இருக்கு. ஊருக்கு ஊரு போற பஞ்சாயத்து மண்ரோடு, அதுல யார் வேணாலும் போலாம். எஸ்டேட்டுக்குள்ள போற ஜீப் ரோடு, அது தனியார் இடம், கேட்டுட்டுத்தான் போகணும். மூணாவது ரிசர்வ் காட்டுக்குள்ள போறது, அதுல பர்மிஷன் இல்லாம காலே வெக்கக் கூடாது. மேப்ல இந்த மூணும் ஒரே மாதிரி புள்ளிக்கோடாத்தான் இருக்கும், அதான் உங்களுக்கு நடந்தது.

சேட்டிலைட் ஏன் உதவலைன்னா நம்ம ஊர்ல காப்பி வளர்றது நெழல்ல. சில்வர் ஓக், பலா எல்லாம் மேல குடை மாதிரி மூடி நிக்கும், கீழ ஜீப்பே போற அளவுக்கு ரோடு இருந்தாலும் மேல இருந்து தெரியாது. அதனால நான் ஓபன் ஸ்ட்ரீட் மேப்ல கான்டூர் கோட்டோட (ஒரே உயரத்துல இருக்கற இடங்களை சேக்கற கோடு) பாப்பேன், பாதை கோட்டை ஒட்டியே வளைஞ்சு வளைஞ்சு போனா ஓட்டலாம், கோட்டை நேரா குறுக்க வெட்டிக்கிட்டு போனா அது படிக்கட்டு மாதிரி செங்குத்துனு அர்த்தம், தள்ளிக்கிட்டுத்தான் போகணும். ஸ்ட்ராவா ஆப்போட ஹீட்மேப்பும் (ஆளுங்க ஓட்டின வழியெல்லாம் கோடா காட்டற மேப்) பாக்கலாம், ஆனா அதுல கோடு இருக்குன்னா யாரோ போயிருக்காங்கன்னு மட்டும்தான் தெரியும், போலாமான்னு தெரியாது.

ஆரம்பத்துக்கு 32 கிலோமீட்டர் லூப் ரோடு ஒரு தடவை முழுசா சுத்துங்க. தார் ரோடுதான், ஆனா வண்டி கம்மி, ஏத்தம் இறக்கம் மாறி மாறி வரும், காலுக்கு வேலை இருக்கும். போறப்ப ரெண்டு பக்கமும் பிரியற மண்ரோட்டை எல்லாம் மார்க் பண்ணிக்கங்க. நாகலூர் பக்கம், மஞ்சக்குட்டை பக்கம், செம்மநத்தம் பக்கம்னு ஒவ்வொரு வாரம் ஒரு பக்கமா எடுங்க. ஒரே நாள்ல எல்லாத்தையும் பாக்க நெனைச்சா ஒண்ணும் மனசுல நிக்காது.

அப்பறம் முக்கியமான விஷயம், டீக்கடைல கேக்கற விதம். "ட்ரெயில் இருக்கா"னு கேட்டா யாருக்கும் புரியாது. "பைக் ரூட்"னு கேட்டா மோட்டார் பைக்குனு நெனைச்சு மெயின் ரோட்டை காட்டுவாங்க. "ஏங்கண்ணா, இங்க இருந்து அந்த ஊருக்கு நடந்து போறவங்க எந்த வழியா போவாங்க"னு கேளுங்க. அப்ப வரும் பாருங்க, "அந்தப் பலா மரத்துகிட்ட எறங்குனா குறுக்குப் பாதை, பாறை தாண்டுனா ஓடை, அங்குட்டு ஏறுனா பள்ளிக்கூடம்"னு முழு மேப்பும் வாயிலயே வந்துரும். நான் ஓட்டறதுல பாதிக்கு மேல இப்படிக் கேட்டு கெடைச்சதுதான். கேட்ட பாதையை மொத தடவை நடந்து பாத்துட்டு ரெண்டாவது தடவை சைக்கிள்ல போங்க. நான் மொத வருஷம் இதை செய்யாம ஒரு திருப்பத்துல திடீர்னு ரெண்டடி கல் கட்டு இருந்து விழுந்து மணிக்கட்டு ஒடைஞ்சு ஆறு வாரம் கட்டுப் போட்டிருந்தேன்.

ஃபைல் ஏன் தரலைன்னா, ஒரு எஸ்டேட்ல எனக்கு உள்ள போக அனுமதி குடுத்தது என் மூஞ்சிய பாத்து. அந்தக் கோட்டை நான் நெட்ல போட்டா அடுத்த வாரம் முப்பது பேரு வந்து நிப்பாங்க, அதுல ரெண்டு பேரு மோட்டார் சைக்கிள்ல வருவாங்க. முன்னாடி ஒரு நல்ல பாதை அப்படித்தான் மூடுனாங்க. நேர்ல வாங்க, கூட்டிட்டு போறேன்.

காப்பிக்காட்டுப்_பொண்ணு:

மண்ரோடு அண்ணா சொன்னது எல்லாம் சரி, தோட்டத்துல இருக்கறவ கண்ணுல பட்டதை நானும் சொல்லிடறேன். அப்பா எஸ்டேட்ல ரைட்டரா இருந்தாரு, நான் பொறந்து வளந்தது லைன் வீட்டுல.

வாட்ச்மேன் சத்தம் போட்டாருன்னு வருத்தப்படாதீங்க. நவம்பர்ல இருந்து ஜனவரி வரைக்கும் காப்பி பறிப்பு, அப்பறம் மிளகு. அந்த நேரத்துல களத்துல காயற காப்பி, சாக்குல கட்டி வெச்ச மிளகு எல்லாம் காணாம போனா அவரு சம்பளத்துலதான் கை வெப்பாங்க. தெரியாத முகம் உள்ள வந்தா அவரு வேற என்ன செய்வாரு. பறிப்பு நேரத்துல பாதைல பொண்ணுங்க மூட்டையை தலைல வெச்சுக்கிட்டு குனிஞ்சு வருவாங்க, முன்னாடி வர்றது கண்ணுக்கு தெரியாது, சைக்கிள் சத்தமும் இல்லாம வரும். எங்க பெரியம்மா ஒருத்தரு வர்றதை பாத்து பயந்து சரிவுல ஒதுங்கி கால் பெரண்டு போச்சு. அந்தப் பையன் நிக்கவே இல்ல. சைக்கிள்ல ஒரு மணி கட்டிக்கங்க, சும்மா லொடலொடன்னு ஆடிக்கிட்டே வந்தாலும் சரி, யாராச்சும் எதிர்ல வந்தா எறங்கி நில்லுங்க.

இன்னொண்ணு சங்கிலி. கேட் இல்லாத எடத்துல ரெண்டு கல்தூணுக்கு நடுவுல சங்கிலி கட்டி வெச்சிருப்பாங்க. துருப்பிடிச்சு செம்மண் கலர்லயே இருக்கும், நெழல்ல சுத்தமா தெரியாது. வேகமா எறங்கறவங்களுக்கு அது நேரா நெஞ்சுல மாட்டும். நேத்து தொறந்திருந்துச்சுன்னு இன்னைக்கு நம்பி வராதீங்க.

மழை பேஞ்ச மறுநாள் தயவுசெஞ்சு மண்பாதைக்கு வராதீங்க. ஈர மண்ணுல டயர் ஒரு கோடு போட்டா அடுத்த மழைத்தண்ணி அந்தக் கோட்டுலதான் ஓடும், நாலு மழைல அது முழங்கால் பள்ளம் ஆயிடும், அப்பறம் அந்தப் பாதைல மூட்டையோட நடக்கறது எங்க ஆளுங்க. ரெண்டு மூணு நாள் வெயில் அடிச்சு காஞ்சதும் வாங்க. மழைக்காலத்துல அட்டையும் ஏறும், நின்னா போதும் கால்ல நாலு இருக்கும்.

காட்டு மாடு பத்தி யாரும் சொல்லலையே? காலைல 8 மணிக்கு முன்னாடியும் சாயங்காலம் 5க்கு மேலயும் காப்பிச்செடிக்குள்ளயே நிக்கும், இத்தாம்பெருசு இருந்தாலும் நெழல்ல பாறை மாதிரி தெரியும். கூட்டமா இருந்தா பெரும்பாலும் அதுவே போயிரும். தனியா ஒரு கெடா நின்னா கிட்டவே போகாதீங்க. நிறுத்துங்க, சத்தம் போடாதீங்க, போட்டோ எடுக்காதீங்க, சைக்கிளை நமக்கும் அதுக்கும் நடுவுல வெச்சுக்கிட்டு மெதுவா பின்னாடி போங்க. பத்து நிமிஷமோ அரை மணி நேரமோ அது நகர்ற வரைக்கும் காத்திருக்கணும், வேற வழியே இல்ல. ரெண்டு காதுலயும் பாட்டு போட்டுக்கிட்டு வர்ற பசங்களை பாத்தா எனக்கு வயித்தை கலக்கும்.

செவ்வாய்ப்பேட்டை_ஸ்பேனர்:

சைக்கிள் பத்தி மட்டும் நான் சொல்றேன். சேலத்துல இருந்து மேல கிட்டத்தட்ட 1,100 மீட்டர் ஏறுறீங்க, அதே உயரத்தை இறங்கறப்ப அந்த வேகத்துல பெரும்பகுதி பிரேக்குலதான் சூடா மாறுது. பிரேக்கை புடிச்சுக்கிட்டே இறங்காதீங்க, விட்டு விட்டு புடிங்க, பெண்டுக்கு முன்னாடியே வேகத்தை கொறைச்சிட்டு வளைவுக்குள்ள விட்டுருங்க. நாலஞ்சு பெண்டுக்கு ஒரு தடவை நிறுத்தி ஆற விடுங்க. ரோட்டரை (வீலோட சுத்தற பிரேக் தகடு) கையால தொட்டு பாக்காதீங்க, என் கடைக்கு வெரல் வெந்து வந்தவங்க இருக்காங்க. ரோட்டர் நீலம் பூத்த மாதிரி ஆயிருந்தா ரொம்ப சூடாகியிருக்குனு அர்த்தம், பேடை கழட்டி பாருங்க. கேபிள் டிஸ்க்கா இருந்தா பேட் தேயத் தேய லிவர் உள்ள போயிக்கிட்டே இருக்கும், கிளம்பறதுக்கு முந்தின நாளே டைட் பண்ணிருங்க.

டயர்ல தார் ரோட்டுக்கு வெக்கற காத்தோட மண்ணுக்கு போகாதீங்க, கல்லு மேல பந்து மாதிரி எகிறும். 70 கிலோ ஆளுன்னா ட்யூப் போட்ட டயருக்கு 28ல இருந்து 32 பிஎஸ்ஐ சரியா இருக்கும், அதுக்கும் கீழ போனா கல்லுல ரிம் இடிச்சு ட்யூப்ல பாம்பு கடிச்ச மாதிரி ரெண்டு ஓட்டை விழும். மேல ஏறினதும் காத்தை எறக்கிட்டு திரும்ப தார் ரோட்டுக்கு வர்றப்ப கைப்பம்புல ஏத்திக்கங்க. சீட்டை ரெண்டு இஞ்ச் எறக்குங்க, இறக்கத்துல பெடல் ரெண்டும் சமமா வெச்சு எழுந்து நின்னு பின்னாடி சாயணும், அதுக்கு சீட் தடுக்கக் கூடாது. ஸ்பேர் ட்யூப், பேட்ச், செயின் லிங்க், ஆலன் கீ செட்டு, அப்பறம் உங்க மாடலுக்கு உள்ள டிரெய்லியர் ஹேங்கர் (பின்னாடி கியர் மாத்தற பாகத்தை ஃப்ரேமோட சேக்கற சின்ன துண்டு) ஒண்ணு. அந்த ஹேங்கர் ஒடைஞ்சா மேல எங்கயும் கெடைக்காது, தள்ளிக்கிட்டுத்தான் வரணும்.

அஸ்தம்பட்டி_ரைடர்:

இவ்வளவு விவரமா சொல்லுவீங்கன்னு எதிர்பாக்கல, ரொம்ப நன்றி. பெரியம்மா விஷயம் படிச்சு மனசு சங்கடமாயிடுச்சு, நானும் அப்படி சத்தமில்லாம போயிருக்கேன்.

ஒரே ஒரு சந்தேகம். கூட வர்ற ஃப்ரெண்டு மேல இருந்து காட்டு வழியாவே நேரா சேலம் பக்கம் இறங்கலாம், யாரோ போன வீடியோ பாத்தேங்கறான். அது முடியுமா?

சேர்வராயன்_மண்ரோடு:

வேண்டாம் தம்பி. மலையோட சரிவு பெரும்பகுதி ரிசர்வ் காடு. ஓரத்துல எல்லைக் கல்லு நட்டிருப்பாங்க, அதைத் தாண்டினா தமிழ்நாடு வனச் சட்டப்படி அத்துமீறல், அது 1882ல இருந்தே இருக்கற சட்டம். வீடியோ போட்டவனே அதுக்கு சாட்சி.

ஆனா நான் பயப்படறது ஃபைனுக்கு இல்ல. பிப்ரவரி தாண்டினா அந்தச் சரிவுல புல்லு முழுசும் காஞ்சு கெடக்கும். 2018 மார்ச்ல குரங்கணில காட்டுத்தீல 20 பேருக்கு மேல போனாங்களே, அது மாதிரி சரிவுதான். தீ மேல்நோக்கி ஏறற வேகத்துக்கு மனுஷனால ஓட முடியாது, சைக்கிளைத் தூக்கிக்கிட்டு எங்க ஓடுவீங்க. அதுக்கப்பறம்தான் ட்ரெக்கிங்குக்கு தனியா விதிமுறை வந்துச்சு, 2024 அக்டோபர்ல அரசாங்கமே 40 பாதையை முறையா தொறந்து வழிகாட்டியோட கூட்டிட்டு போறாங்க. அது நடக்கறவங்களுக்கு. சைக்கிளுக்கு கேக்கணும்னா ரேஞ்சர் ஆபீஸ்ல எழுதிக் குடுத்து கேளுங்க, எத்தனை பேரு, எந்த நாள், எந்த வழின்னு. இல்லைன்னா இல்லைன்னு விட்டுருங்க.

வேற வழியா இறங்கணும்னா குப்பனூர் ரோடு இருக்கே, கொட்டச்சேடு வழியா. தார் ரோடுதான், ஆனா அமைதியா இருக்கும், காடு ரெண்டு பக்கமும் நெருங்கி வரும். அதுல இறங்கி சுத்தி வாங்க.

அஸ்தம்பட்டி_ரைடர்:

ரெண்டு வாரம் கழிச்சு எழுதறேன், போயிட்டு வந்துட்டோம்.

நாங்க நாலு பேரு, ஏறறதுக்கு ஒரு டாடா ஏஸ் புடிச்சு சைக்கிளை ஏத்திட்டோம், காலு மண்ணுக்கு மிச்சமா இருக்கட்டும்னு. ஒண்டிக்கடைல இட்லி சாப்பிட்டுட்டு 8 மணிக்கு மேல கிளம்பி லூப் ரோட்டுல நாகலூர் பக்கம் போனோம். டீக்கடைல அண்ணா சொன்ன மாதிரியே "நடந்து போறவங்க எப்படி போவாங்க"னு கேட்டேன். கடைல உக்காந்திருந்த தாத்தா ஒருத்தரு, இந்த மலையோட மலையாளி பழங்குடி ஊர்க்காரரு, எழுந்து வெளிய வந்து கை நீட்டி காட்டினாரு, அது மட்டும் இல்லாம பேரனை கூட அனுப்பினாரு. அந்தப் பையன் செருப்பு கூட இல்லாம எங்களுக்கு முன்னாடி ஓடினான், மொத சுத்து நாங்க எல்லாம் தள்ளிக்கிட்டே நடந்தோம்.

ரெண்டரை கிலோமீட்டர்தான் இருக்கும். ஆனா மொத அரை கிலோமீட்டர் சில்வர் ஓக் சருகு மெத்தை மாதிரி கெடக்கு, டயர் சத்தமே இல்ல, மணி மட்டும் கேக்குது. அப்பறம் ஒரு பாறை, அதுக்கு அந்தப் பக்கம் வேர் குறுக்க ஓடற இறக்கம், நான் ரெண்டு தடவை எறங்கி தள்ளினேன், மூணாவது தடவை ஓட்டிட்டேன். இவ்வளவு நாள் தார் ரோட்டுல ஓட்டினதுல ஒரு நாள் கூட எனக்கு இப்படி இருந்ததில்ல. வழில ரெண்டு அக்கா வெறகு எடுத்துட்டு வந்தாங்க, எறங்கி ஒதுங்கி நின்னோம், ஒருத்தரு நின்னு "எந்த ஊருப்பா"னு விசாரிச்சிட்டு அவங்க ஊர்க் கோயில் கிட்ட தண்ணிக் குழா இருக்கு, அங்க புடிச்சுக்கங்கன்னு சொல்லிட்டுப் போனாங்க.

ஃப்ரெண்டும் குப்பனூர் வழியாவே வந்தான். ட்ராக் ரெக்கார்ட் ஆச்சு, ஆனா பிரைவேட்ல போட்டுட்டேன்.

காப்பிக்காட்டுப்_பொண்ணு:

அந்தப் பையன் எந்த ஸ்கூல்னு கேட்டீங்களா? அடுத்த தடவை போறப்ப உங்க சைக்கிள்ல அவனை ஒரு ரவுண்டு விடுங்க. சின்ன சைஸ் பழைய சைக்கிள் யார்கிட்டயாச்சும் சும்மா கெடந்தா சொல்லுங்க, ஸ்பேனர் அண்ணா சரி பண்ணிக் குடுத்தா நானே ஏஸ்ல ஏத்திட்டு வந்துடறேன்.

செவ்வாய்ப்பேட்டை_ஸ்பேனர்:

கடைல 20 இஞ்ச் ஒண்ணு இருக்கு. பிரேக் மட்டும் மாத்தணும். வியாழக்கெழமை வந்து எடுத்துக்கங்க.