தனிய இருக்கும் அம்மாவுக்கு நாய் வாங்கிக் கொடுக்கலாமா?

நாலாம்மாடி:
அப்பா போய் எட்டு மாதம். அம்மாவுக்கு 71 வயது, கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் நாலாம் மாடியில் தனிய இருக்கிறார். நான் தெஹிவளையிலிருந்து பின்னேரங்களில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். கனடாவில் இருக்கும் அண்ணா, "நாய்க்குட்டி ஒன்று வாங்கிக் கொடு, பிரஷரும் இறங்கும், மனமும் தேறும்" என்று விடாமல் சொல்கிறார். வளர்ப்பவர்கள் சொல்லுங்கள், இறங்குமா?

மிளகாய்த்தூள்:
யோசிக்காமல் வாங்குங்கள் அக்கா. எங்கள் மாமி கொட்டாஞ்சேனையில் இருக்கிறார். மாமா போனபிறகு பத்து மணி வரை படுக்கையை விட்டு எழும்பமாட்டார், யாராவது கதைத்தால் சுவரைப் பார்ப்பார். பக்கத்து வீட்டில் குட்டி போட்ட ஊர்நாய் ஒன்றைக் கொண்டுவந்து விட்டோம். இப்போது ஐந்தரைக்கு அது வந்து போர்வையை இழுக்கும். பாண் விற்கும் சூன் பாண் ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தால் அதுவும் சேர்ந்து ஊளையிடும், மாமி வாசலில் நின்று அதைப் பேசுவார். தெருவில் யாரும் மாமியைச் சுகம் கேட்பதில்லை, நாயைத்தான் கேட்கிறார்கள். அந்தச் சாட்டில் மாமிக்கும் நாலு பேரோடு கதை.
ஆய்வும் இருக்கிறது. 1980இல் அமெரிக்காவில் இதயநோயாளிகள் 92 பேரை ஒரு வருடம் கவனித்தார்கள். வளர்ப்புப் பிராணி வைத்திருந்த 53 பேரில் இறந்தது 3 பேர், இல்லாத 39 பேரில் 11 பேர்.

கணக்கன்:
அந்த 92 பேரை எல்லோரும் இழுத்துக்கொண்டு வருகிறார்கள். அதே ஆய்வாளர் 1995இல் இன்னும் பெரிய குழுவைப் பார்த்தார். நாய் வைத்திருந்தவர்களுக்குப் பலன் தெரிந்தது, பூனைக்காரர்களுக்கு இல்லை. நாயைப் பிடித்துக்கொண்டு நடக்க முடிகிறவருக்கு ஏற்கெனவே நடக்க உடம்பு இருக்கிறது, அதை யார் கழிப்பது? அமெரிக்க இதயச் சங்கம் 2013இல் நாய் வளர்ப்பு நல்லதாக இருக்கலாம் என்றது. ஆனால் இதயத்துக்காக என்றே ஒரு பிராணியை வாங்கவேண்டாம் என்றும் சேர்த்துத்தான் சொன்னது. அந்தப் பாதியை மட்டும் யாரும் பகிர்வதில்லை.
இன்னொன்று. நாய், பூனை காலில் இடறி விழுந்து காயப்படுகிறவர்கள் அமெரிக்காவில் ஆண்டுக்கு 86,000க்கு மேல் என்று 2009இல் அங்கே கணக்கிட்டார்கள். 71 வயதில் இடுப்பெலும்பு உடைந்தால் பிறகு பிரஷரைப் பற்றி யார் கதைக்கப்போகிறார்கள்?
நாலாம் மாடி வேறு. 2022இல் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாத நாள் மறந்துவிட்டதா? லிஃப்ட் நின்றால் நாயை யார் கீழே இறக்குவது?

மிளகாய்த்தூள்:
அண்ணை, நீங்கள் சொல்வதுபோலப் பார்த்தால் பிள்ளையும் பெறக்கூடாது. நாயும் வளர்ப்பவரும் கண்ணோடு கண் பார்க்கும்போது இருவருக்கும் ஒக்ஸிடோசின் என்ற பாச ஹோமோன் கூடுகிறது என்று ஜப்பானில் 2015இல் காட்டினார்கள். தாய்க்கும் குழந்தைக்கும் நடப்பதுபோல.

பூனைக்காரி:
பலன் இல்லையாம். நாளெல்லாம் மடியில் கிடக்கிறது, இதைவிட என்ன பலன்? பம்பலப்பிட்டியில் ஆறாம் மாடியில் இருக்கிறேன். ஒரு மண் தட்டு, சூடை மீன் அவித்தது, ஜன்னலுக்கு வலை. முடிந்தது.

கணக்கன்:
ஒக்ஸிடோசினை நான் மறுக்கவில்லை. நாய் பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும். அதற்குள் அம்மாவுக்கு ஏதும் என்றால் அது யாருடைய வீட்டுக்கு? எங்கள் ஒழுங்கையில் ஒரு குடும்பம் லண்டன் போனது. நாயை மரைன் டிரைவில் விட்டுவிட்டார்கள். இரண்டு கிழமையாக அந்த வீட்டு கேற்றடியில் வந்து படுத்தது. நான்தான் சோறு வைத்தேன். விசர்நாய்த் தடுப்பூசியும் போடுவித்தேன். எனக்கு நாய் பிடிக்காது என்று யார் சொன்னது?

மிளகாய்த்தூள்:
இதை முதலே சொல்லியிருக்கலாமே. அது இப்போது எங்கே?

கணக்கன்:
என் மேசைக்குக் கீழே.

நாலாம்மாடி:
எல்லோருக்கும் நன்றி. தொடர்மாடி நிர்வாகத்தில் கேட்டேன், நாய் கூடாதாம். சரி, பூனையாவது என்று நினைத்து அம்மாவிடம் கேட்டால், "எனக்கு ஏன் பூனை? காகம் பறந்துவிடும்" என்கிறார். அப்பாவின் எட்டுச்செலவுக்குப் பிறகு குசினி ஜன்னலில் ஒரு காகத்துக்குச் சோறு வைத்து வருகிறாராம். எனக்கு இவ்வளவு நாளும் தெரியாது. ஒரு கால் கொஞ்சம் வளைந்த காகம். அதோடு கதைக்கிறார். பருப்பில் உப்புக் கூடிவிட்டது, தின்னு என்று சொன்னதை நானே கேட்டேன். நேற்று அது பிந்திவிட்டதாம், ஒன்றரை மணி வரை அம்மா சாப்பிடவில்லை, பிரஷர் குளிசையும் போடவில்லை. அண்ணாவுக்கு என்ன சொல்வது?

கணக்கன்:
காகத்துக்கு லிஃப்ட் தேவையில்லை, எனக்கு ஆட்சேபம் இல்லை. குளிசையை மட்டும் காகம் வருமுன் போடச் சொல்லுங்கள்.