பாட்டியோடு கேமரன் மலைக்கு, எந்தப் பாதையில் போகலாம்?

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. மலேசியாவின் பேராக்கில் இருக்கும் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். பள்ளி விடுமுறையில் பாட்டியைக் காடியில் (காரில்) கேமரன் மலைக்கு அழைத்துப் போகப் போகிறோம். வயது 78. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியே (பால் எடுத்தே) எங்களை ஆளாக்கியவர். தேயிலைக் காட்டை டிவியில் பார்த்ததோடு சரி. "கொழுந்து கிள்ளுறத பக்கத்துல நின்னு பாக்கணும்யா" என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பாதையில்தான் குழப்பம். தாப்பா வழி பழைய ரோடு, வளைவுக்கு மேல் வளைவு. பாட்டிக்கு நாலு வளைவு தாண்டினாலே தலை சுற்றி வாந்தி வந்துவிடும். சிம்பாங் பூலாய் வழி அகலம், எங்களுக்கும் கிட்ட. ஆனால் கனமழை பெய்தால் மண்சரிவு பயம் இருக்கிறதே. அந்த வழியில் சுத்தமான கழிப்பறை எங்கே இருக்கிறது? முழங்கால் வலிக்காரருக்கு உட்காரும் கழிப்பறைதான் சரிப்படும்.

கேமரன் மலையில், சுங்கை பாலாஸில் உள்ள 'போ' (BOH) நிறுவனத்தின் தேயிலை நிலையத்தில், காடி நிறுத்துமிடத்திலிருந்து எவ்வளவு தூரம் ஏற வேண்டும்? சிரமம் என்றால், தானா ராத்தா ஊருக்குக் கீழே சாலையோரம் இருக்கும் பாரத் தேயிலைக் கடையிலேயே நாற்காலி போட்டு உட்கார வைத்துவிடலாம் என்று நினைக்கிறேன்.

திரும்பும்போது பத்து காஜா கெல்லி மாளிகைப் பக்கமும் போக ஆசை. மாளிகைப் படியெல்லாம் வேண்டாம். அங்கே பக்கத்தில் தோட்டத் தொழிலாளர்களுக்காக எழுந்த மாரியம்மன் கோயிலைப் பாட்டி கும்பிட வேண்டும், அவ்வளவுதான். கோயில் வாசல்வரை காடி போகுமா?

கீழ்த்தளத்தில் அறையும் சுடுதண்ணீரும் உள்ள தங்குமிடம் தெரிந்தாலும் சொல்லுங்கள். வயதானவர்களோடு போய்வந்தவர்கள் எழுதினால் பெரிய உதவியாக இருக்கும்.