என் குறுநாவலைப் படித்துப் பார்க்க இரண்டு மூன்று பேர் தேவை

நண்பர்களே, எழுதிக்கொண்டிருக்கும் குறுநாவல் பாதியில் நிற்கிறது. அறிவியல் புனைகதை, மிகைப்புனைவுக் கதைகளுக்குத் தரும் நெபுலா விருதின் விதிப்படி 17,500 முதல் 40,000 சொற்களுக்குள் இருந்தால் குறுநாவல். அந்தக் கணக்கில் சரியாகத்தான் இருக்கிறது. சிக்கல் கணவன் பாத்திரத்தில்.

அவன் கெட்டவன் இல்லை. அவள் படித்துக்கொண்டிருக்கும்போதே விளக்கை அணைத்துவிட்டு, "தூங்கலாமா?" என்பான். அவளும் பக்கத்தை மடித்துவைத்துவிட்டுப் படுத்துவிடுவாள். அம்மா இறந்த பிறகு ஒருநாள், அணைத்த விளக்கை மறுபடி போடுகிறாள். கதை அவ்வளவுதான்.

அவளே "நான்" என்று சொன்னால், அத்தியாயத்துக்கு அத்தியாயம் அவன் வில்லனாகிக்கொண்டே போகிறான். வெளியிலிருந்து சொன்னால் அவன் பிழைத்துக்கொள்கிறான், அவள் துக்கம் நீர்த்துப்போகிறது. இருவருக்கும் மாறி மாறி அத்தியாயம் கொடுக்கலாம்தான். ஆனால் அவள் தன்னைத் தேடும் கதையில் அவனுக்கு எதற்குப் பாதி இடம் என்று எனக்கே எரிச்சல் வருகிறது!

இப்படிப்பட்ட கதை எழுதியவர்கள் யார் பார்வையில் சொன்னீர்கள்? அப்புறம், விளக்கு வரும் அத்தியாயத்தை மட்டும் படித்துவிட்டு, எந்த வரியில் யார் பக்கம் சாய்ந்தீர்கள் என்று சொன்னால் போதும். பாராட்டு வேண்டாம். திருமணமானவர், ஆகாதவர் யாரானாலும் சரி, சொல்லுங்கள், அனுப்பிவைக்கிறேன்.