உபுண்டுவில் ஆர்டிஎக்ஸ் 3080: சரியும் ஹேஷ்ரேட்

கேள்வி:
இந்த கிராஃபிக்ஸ் அட்டையில் எத்திரியம் கிளாசிக் என்ற கிரிப்டோ நாணயத்தை மைனிங் செய்யும்போது, அட்டையின் நிலையைக் காட்டும் என்விடியா-எஸ்எம்ஐ கருவி வெப்பம் 62 டிகிரி என்றே காட்டினாலும், சிறிது நேரத்தில் ஹேஷ்ரேட் (மைனிங் கணக்கீட்டு வேகம்) சரிந்துவிடுகிறது. எதை மாற்ற வேண்டும், நண்பர்களே?

மறுமொழி 1:
அது கோர், அதாவது முதன்மைச் சில்லின் வெப்பம் மட்டுமே. இந்த நாணயத்தின் மைனிங் அல்காரிதமான எட்சாஷ் நினைவகத்தையே பெரிதும் சார்ந்திருப்பதால், ஜிடிடிஆர்6எக்ஸ் நினைவகச் சில்லுகள் 110 டிகிரியை எட்டும்போது அட்டை தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. கோர் வேகத்தைக் கூட்டுவது இங்கே வீண் என்பதே என் உறுதியான கருத்து. 320 வாட் மின்வரம்பை ரூட் (நிர்வாகி) உரிமையுடன் 230 அளவுக்கு இறக்கி, விசிறியின் வேகத்தை உயர்த்துங்கள்.

மறுமொழி 2:
விசிறியை நாமே கட்டுப்படுத்த, லினக்ஸின் திரைக்காட்சி மென்பொருளான எக்ஸ்ஆர்க்கின் அமைவுக் கோப்பில், என்விடியா இயக்கிக்கான கூல்பிட்ஸ் அமைப்பின் மதிப்பு 28 என்று இருந்தால் போதும். விண்டோஸில் 500 என்று தரும் நினைவக ஆஃப்செட் (இயல்பு வேகத்துக்கு மேல் கூட்டும் அளவு), லினக்ஸில் 1000 என்பதற்குச் சமம். எனவே அங்குள்ள எண்களை அப்படியே எடுத்தாள வேண்டாம்.

மறுமொழி 3:
மறுதொடக்கத்தில் மின்வரம்பு பழைய நிலைக்குத் திரும்பிவிடும் என்பதால், அதைக் கணினி தொடங்கும்போதே தானாக இயங்கும் சிஸ்டம்டி சேவையாக எழுதி வையுங்கள். அதன் பிறகும் சரிவு நீடித்தால், நினைவகத்தின் மீதுள்ள, வெப்பத்தைக் கடத்தும் தெர்மல் பேடுகளை மாற்றுவதே வழி.