மறு: மரத்துக்கு 'அழுகல்' வேண்டாம், 'நரை', 'மக்கல்' என்று பிரிப்போம்

வணக்கம் நண்பர்களே,

பழைய வீடுகளில் மரம் கெடுவதற்குத் தமிழில் என்ன கலைச்சொல் வைக்கலாம் என்ற இந்த இழையை நான்கு நாளாகப் படித்துவருகிறேன், செட்டிநாட்டுக் கானாடுகாத்தான் பக்கம் வேலை இருந்ததால் உடனே எழுத முடியவில்லை. இதுவரை வந்த சொற்கள் மூன்று: மரவழுகல், மரச்சிதைவு, வானிலைச் சிதைவு. மூன்றிலும் ஒரே குறைதான் எனக்குப் படுகிறது. வெயில் மழையில் நிற்கிற மரத்துக்கு நேர்வது இரண்டு வெவ்வேறு காரியம், இந்தச் சொற்கள் இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகின்றன. அதனால்தான் இங்கே நல்ல மரத்தைக் கழற்றி விற்கிறார்கள், கெட்டுப்போன மரம் கூரையைத் தாங்கிக்கொண்டு நிற்கிறது. ஆகவே கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

போன வாரம் பார்த்த ஒரு வீடு. மேல்மாடிச் சன்னல் கதவுகள் மேற்கே பார்த்தவை, சாயம் போய் எத்தனையோ காலமாகிவிட்டது, முழுக்கச் சாம்பல் நிறம், ரேகைகள் வரிவரியாகப் புடைத்து நிற்கின்றன. வீட்டுக்கார ஐயா, "இதெல்லாம் போச்சு தம்பி, அலுமினியத்துக்கு மாத்திடலாம்னு இருக்கோம்" என்றார். கூட வந்த ஆசாரி ஒன்றும் பேசவில்லை, உளியை எடுத்து ஒரு மூலையில் நகக்கண் அளவுக்குச் சீவினார். அடியில் தேன் நிறத்தில் பர்மாத் தேக்கு, வாசனை கூட அப்படியே வந்தது. அப்புறம் கீழே வளவுக்கு, அதாவது வீட்டின் நடு முற்றத்துக்கு, வந்தோம். அங்கே ஒரு தூண், பச்சை எனாமல் பெயிண்ட் பளபளவென்று இருக்கிறது, பார்க்கப் புதுசு மாதிரி. கல் பீடத்தை ஒட்டித் திருப்புளியை வைத்து அழுத்தினால் விரல் நீளம் சத்தமே இல்லாமல் உள்ளே போகிறது. மேலே தட்டினால் கணீர், அடியில் தட்டினால் பொத்தென்கிறது. "மக்கிருச்சு ஐயா, பெயிண்டுதான் நிக்குது" என்றார் ஆசாரி.

அந்தச் சன்னலுக்கு நேர்ந்ததும் இந்தத் தூணுக்கு நேர்ந்ததும் ஒன்றே அல்ல. சன்னலில் நடந்தது மேல்தோலோடு முடிகிற காரியம்: வெயிலின் புற ஊதாக் கதிர் மரத்தின் மேற்பரப்பில் உள்ள லிக்னினை, நார்களைப் பிடித்து நிறுத்தும் பசையை, உடைக்கிறது, மழை அதைக் கழுவிக்கொண்டு போகிறது, மிஞ்சுகிற செல்லுலோஸ் நார் சாம்பலாகத் தெரிகிறது. பைன் போன்ற மென்மரத்திலேயே இப்படித் தேய்வது ஒரு நூற்றாண்டுக்கு ஏறக்குறைய 6 மில்லிமீட்டர்தான், கடினமான மரத்தில் அதைவிடக் குறைவு. தூணில் நடந்தது பூஞ்சையின் வேலை, மரத்தின் பலத்தையே தின்பது.

> 'வானிலைச் சிதைவு' ஏற்கெனவே பாடநூலில் இருக்கிறதே, புதிதாக எதற்கு?

அண்ணே, அது பாறைக்கு வந்த சொல், பாறைக்கு இருக்கட்டும். மரத்துக்கு வைத்தால் 'சிதைவு' என்ற பகுதியே ஆளைப் பயமுறுத்திவிடும், உடனே ரம்பத்தைத் தேடுவார்கள். நான் முன்வைப்பது 'நரை'. மரம் நரைத்திருக்கிறது, மரநரை, நரைத்த பலகை. நிறம் மாறியிருக்கிறது, வயது தெரிகிறது, உள்ளே ஆள் திடமாக இருக்கிறார் என்று ஒரே சொல்லில் சொல்லியாகிவிட்டது. யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அந்த ஐயாவிடம் "இது நரை, அவ்வளவுதான்" என்று சொன்னேன், கதவைத் தடவிப் பார்த்துவிட்டு, "அப்ப இருக்கட்டும்" என்றார்.

> நரை என்பது கவிதைச் சொல், ஆய்வுக் கட்டுரையில் எடுபடாது.

இந்தக் கருத்தோடு எனக்கு உடன்பாடில்லை. மரத்தின் நடுவே இறுகிய பகுதியைத் தாவரவியல் பாடநூலில் 'வைரக்கட்டை' என்று படிக்கிறோம், அதுவும் ஒரு காலத்தில் ஆசாரியின் வாய்ச்சொல்தான். அதற்கும் வெகுமுன்னே தொல்காப்பியர் அகக்காழ் உள்ளதை மரம் என்றும் புறக்காழ் உள்ளதைப் புல் என்றும் பிரித்துவிட்டார். உள்ளே வைரம் பாய்வதா வெளியே பாய்வதா என்று பார்த்து வகைப்படுத்திய மொழியில் 'நரை' என்பதைக் கலைச்சொல்லாக்கக் கூச்சப்பட வேண்டாம்.

இனி 'அழுகல்'. வேளாண்மையில் வேரழுகல், தண்டழுகல் எல்லாம் நிலைத்துவிட்டன, சரி, அங்கே உயிருள்ள செடி, நீர்ப்பசை, நாற்றம். வெட்டி இழைத்துத் தூணாக நிறுத்திய மரத்தை எந்த ஆசாரியும் அழுகிவிட்டது என்று சொல்லி நான் கேட்டதில்லை. மக்கிப்போச்சு என்பார், இத்துப்போச்சு என்பார். 'மக்கும் குப்பை, மக்காத குப்பை' வந்த பிறகு நுண்ணுயிர் தின்று பொடியாக்குவதுதான் மக்குதல் என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். அறிவியலுக்கும் அதுவே பொருந்துகிறது. ஆகவே 'மக்கல்'.

உட்பிரிவுகளும் இதிலேயே எளிதாக விழுகின்றன. செல்லுலோஸைத் தின்று லிக்னினை விட்டுவைப்பது பழுப்பு மக்கல், வற்றின கண்மாய்த் தரை மாதிரி கட்டம்கட்டமாக வெடித்திருக்கும், விரலால் நசுக்கினால் பொடியாகும். இதுதான் மோசமானது, கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே பலம் போயிருக்கும். லிக்னினையும் சேர்த்துத் தின்பது வெண்மக்கல், நார்நாராகப் பிரியும். எப்போதும் ஈரத்தில் கிடக்கும் மரத்தின் மேற்பரப்பு மெதுமெதுவென்று ஆவது மென்மக்கல். ஒரு எச்சரிக்கை: வெளிநாட்டுப் புத்தகங்களில் வரும் ஒரு பெயரை 'உலர் அழுகல்' என்று ஒரு மடலில் பார்த்தேன். அந்தப் பெயரே ஆளைத் தவறான வழியில் விடுகிறது. காய்ந்த மரத்தில் எந்தப் பூஞ்சையும் வளராது, ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை பயமில்லை. மக்கிய பிறகு காய்ந்து கிடப்பதைப் பார்த்து வைத்த பெயர் அது. அதைத் தமிழுக்குக் கொண்டுவந்தால் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று யாரும் தேடமாட்டார்கள்.

தேட வேண்டியதோ அதைத்தான். அந்தத் தூண் ஏன் மக்கியது? மேலே கூரை விளிம்பில் தண்ணீர் பிடிக்கும் தகரம் ஓட்டை, மழை நேராகத் தூணின் அடியில் விழுகிறது. தூணுக்கும் கல்லுக்கும் நடுவே இருந்த இடைவெளியை யாரோ சிமெண்ட் வைத்து அடைத்திருக்கிறார்கள், இறங்கின தண்ணீர் வெளியே போக வழியில்லை. மரத்தின் வெட்டுமுகம், அதாவது நாருக்குக் குறுக்கே வெட்டிய முகம், உறிஞ்சுகிற அளவுக்குப் பக்கவாட்டு முகம் உறிஞ்சாது, தூணின் அடி முழுக்க வெட்டுமுகம்தான். மேலே எனாமல் பூசியதால் உள்ளே போன ஈரம் அங்கேயே தங்கிவிட்டது. கட்டினவர்கள் தெரிந்துதான் தூணைக் கல்மேல் ஏற்றி நிறுத்தினார்கள். நார்வேயில் பழைய மரத் தேவாலயங்களின் கம்பங்களை முதலில் மண்ணில் நட்டார்கள், அவை மக்கி விழுந்தன, பிறகு கல்லின்மேல் உத்தரம் கிடத்தி அதன்மேல் எழுப்பியவை நிற்கின்றன. உர்னெஸ் ஊரில் இருப்பது 1130 வாக்கில் எழுந்தது.

நரை முற்றிலும் தீங்கில்லாதது என்று சொல்லவில்லை. நரைத்த பலகையில் வெடிப்பு விழுந்து அதில் தண்ணீர் தேங்கினால் அங்கே மக்கல் தொடங்கும். ஆனால் அதற்கு மருந்து வெடிப்பைக் கவனிப்பதும் தண்ணீரை விலக்குவதும்தான், இழைப்புளி போட்டு மேல்தோலைச் சீவி எடுப்பதல்ல. ஒவ்வொரு தடவை இழைக்கும்போதும் செதுக்கின கொடிக்கருக்கு மழுங்கிக்கொண்டே வருகிறது, அதை யாராலும் திரும்பக் கொண்டுவர முடியாது.

பூச்சிக்குத் தனியாகப் பழைய சொல்லே இருக்கிறது: வண்டு துளைத்தால் உளுத்தல், கரையான் தின்றால் செல்லரிப்பு. இவற்றை மக்கலோடு சேர்க்க வேண்டாம்.

இவ்வளவு பிடிவாதம் ஏன் என்றால், செட்டிநாட்டு ஊர்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன, இனி அறிக்கைகள் வரும், டெண்டர்கள் வரும். 2017 டிசம்பரில் டெல்லியில் கூடிய ஐகோமாஸ் (நினைவுச்சின்னங்களைக் காப்பதற்கான பன்னாட்டு அமைப்பு) பேரவை மரக் கட்டட மரபுக்கென்று ஏற்ற கோட்பாடுகள் குறைந்தபட்சமாகவே கைவைக்கச் சொல்கின்றன, கெட்ட பகுதியை மட்டும் எடுத்து முடிந்தவரை அதே இன மரத்தை வைக்கச் சொல்கின்றன. டெண்டர் தாளில் 'சிதைந்த மரங்களை மாற்றுதல்' என்று ஒரு வரி இருந்தால் நரைத்த கதவு அத்தனையும் காரைக்குடிப் பழம்பொருள் கடைத்தெருவுக்குப் போய்விடும். அதே வரி 'மக்கிய பகுதியை மாற்றுதல்' என்று இருந்தால் அந்தத் தூணின் அடி மட்டும் போகும்.

அந்த அடிக்குத்தான் உங்கள் உதவி வேண்டும். மக்கிய அடியை மட்டும் வெட்டி எடுத்து, புது மரத்தைக் கொளுவாக இணைத்துத் தூணை அப்படியே காப்பாற்றும் வேலைக்கு ஜப்பானியர் 'வேர் இணைப்பு' என்ற பொருளில் நெட்சுகி என்கிறார்கள். ஒட்டு மாங்கன்று நினைவில் 'அடியொட்டு' என்று எழுதிவைத்திருக்கிறேன். நம் ஆசாரிகளிடம் இதைவிட நல்ல சொல் இருக்கும் என்று நம்புகிறேன், தேவகோட்டை, பள்ளத்தூர், ராயவரம் பக்கம் இருப்பவர்கள் பட்டறையில் கேட்டுச் சொல்லுங்கள். வீட்டுக்காரர்களுக்கான இரண்டு பக்கத் துண்டறிக்கை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது, அதற்குள் கிடைத்தால் அதையே போட்டுவிடுகிறேன்.